எவ்வளவு நினைவில் வைத்தால் போதும்?

பிழை திருத்திய கதை – அத்தியாயம் 9

பயனியர் 9 விண்கலம் 1968 நவம்பரில் கிளம்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அது அனுப்பிய செய்திகள் கன்வல்யூஷன் குறியீட்டில் பொதிந்து பூமிக்கு வந்தன. பொதிவது விண்கலத்துக்குச் சின்ன வேலைதான். கடைசியாக வந்த சில பிட்டுகளை ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் வைத்திருக்கும். புதிதாக ஒரு பிட் வந்ததும் அதைப் பழையவற்றோடு கலந்து இரண்டு பிட்டுகளாக வெளியே தள்ளும். கலவையில் எத்தனை பிட்டுகளுக்குப் பங்கு உண்டோ அதைக் குறியீட்டின் நீளம் என்று வைத்துக்கொள்வோம். பயனியர் 9இல் அது 25.

தொல்லையெல்லாம் பிரித்தெடுக்கும் பக்கத்தில். 100 பிட் செய்தி ஒன்று வருகிறது என்றால் அது 2இன் 100ஆம் அடுக்கு செய்திகளில் ஏதோ ஒன்று. 31 இலக்கம் கொண்ட எண்ணிக்கை. அத்தனையையும் வந்த சமிக்ஞையோடு ஒப்பிட்டுப் பார்க்க எந்தக் கணினியாலும் ஆகாது. அன்று கைவசம் இருந்தது, வோசன்கிராஃப்ட் 1957இல் தொடங்கிவைத்து ஃபானோ 1963இல் செம்மைப்படுத்திய தொடர்தேடல் முறை. ஒரு பாதையைப் பிடித்துக்கொண்டு போவது. சமிக்ஞையோடு முரண்பாடு கூடிக்கொண்டே வந்தால் பின்வாங்கி வேறு கிளையில் நுழைவது. இரைச்சல் குறைவாக இருக்கும்வரை வெகு வேகம். இரைச்சல் கூடினாலோ, ஒரே ஒரு பிட்டைத் தீர்மானிக்க ஆயிரக்கணக்கான அடிகள் முன்னும் பின்னும் நடக்க வேண்டிவரும். அதற்குள் வந்து சேரும் பிட்டுகளை எங்காவது நிறுத்திவைக்க வேண்டும். எவ்வளவு இடம் ஒதுக்கினாலும் ஏதோ ஒரு கெட்ட நேரத்தில் அது நிரம்பி வழியும். செய்தியில் ஒரு பெரிய துண்டே காணாமல் போகும்.

நினைவகம் எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத முறை அது. இதற்கு மாற்று வந்தது, நினைவகத்தைப் பற்றி அப்போது கவலையே படாத ஒரு வாத்தியாரிடமிருந்து.

ஆண்ட்ரூ விட்டர்பி 1935இல் இத்தாலியின் பெர்கமோவில் பிறந்தவர். யூதக் குடும்பம். 1939இல் நாட்டைவிட்டு அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். எம்ஐடியில் படிப்பு, பிறகு கலிஃபோர்னியாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் ராக்கெட் தொலைத்தொடர்பு வேலை, அதன்பின் லாஸ் ஏஞ்சலஸ் யுசிஎல்ஏவில் பேராசிரியர். தொடர்தேடல் முறை ஏன் வேலை செய்கிறது என்பதற்கான நிரூபணம் மாணவர்களுக்கு ஏறவில்லை. அவருக்கே சொல்லிக்கொடுக்கப் பிடிக்கவில்லை. எளிதாக நிரூபிக்க, குறியீட்டைப் பிரித்தெடுக்கும் ஒரு கற்பனை டிகோடரை 1966இல் வகுத்தார். கட்டுரை 1967 ஏப்ரலில் வெளியானது. பாடம் நடத்த உதவும் சாதனம் என்பதற்கு மேல் அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. காப்புரிமைக்கும் விண்ணப்பிக்கவில்லை.

கற்பனை டிகோடரின் உள்ளே நடப்பது இது. குறியீட்டின் நீளம் 7 என்றால் ரெஜிஸ்டரில் இருக்கும் பழைய பிட்டுகள் 6. அந்த ஆறும் எப்படி இருக்கலாம் என்பதற்கு 64 வாய்ப்புகள். ஒவ்வொன்றையும் ஒரு நிலை என்போம். விண்கலத்தின் ரெஜிஸ்டர் எந்நேரமும் இந்த 64இல் ஏதோ ஒன்றில்தான் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு பிட் நேரத்திலும் ஒவ்வொரு நிலைக்கும் சரியாக இரண்டு பாதைகள் வந்து சேர்கின்றன. இரண்டுக்கும் இதுவரை சேர்ந்த முரண்பாட்டுப் புள்ளிகளைக் கூட்டு; ஒப்பிடு; குறைந்ததை வைத்துக்கொள், மற்றதை வீசிவிடு. வீசியதைப் பற்றி இனி நினைக்கவே வேண்டாம். இனி என்ன வந்தாலும் ஒரே நிலையிலிருந்து கிளம்பும் இரு பாதைகளுக்கும் அது பொதுவாகவே வரும்; இப்போது தோற்றது பிறகு ஜெயிக்க வழியில்லை.

விஷயம் அவ்வளவுதான். 31 இலக்க எண்ணிக்கை போய், ஒரு பிட்டுக்கு 64 ஒப்பீடு என்று ஆகிவிடுகிறது. இரைச்சல் கூடினாலும் குறைந்தாலும் அதே 64.

விட்டர்பி தன் முறையைக் குறைத்து மதிப்பிட்டார் என்பதற்குக் கட்டுரையின் தலைப்பே சாட்சி. குறியீடு நீண்டுகொண்டே போனால்தான் இந்த முறை மிகச் சிறந்ததை நெருங்கும் என்பது அதில் தொனிக்கும். டேவிட் ஃபோர்னி பாதைகளை ஒரு பின்னல் வரைபடமாகப் போட்டுப் பார்த்தார். எந்த நீளத்திலும் அது மிகச் சிறந்த தேர்வையே தருகிறது என்று காட்டினார். 1969இல் ஜிம் ஒமுரா, இது, பெரிய கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் பெல்மனின் டைனமிக் புரோகிராமிங் போட்ட வேறு வேடம் என்றார். ஆக, கண்டுபிடித்தவருக்கு வெளியே இருந்த இருவர் அது என்ன என்பதைச் சொன்னார்கள். அதைக் கட்ட முடியும் என்று சொன்னவர் மூன்றாமவர்.

ஜெரால்ட் ஹெல்லர் ஜேபிஎல்லில் இருந்தார். இந்த முறைக்கு நீளமான குறியீடு ஒத்துவராது. நீளம் ஒன்று கூடினால் நிலைகள் இரட்டிப்பாகும். பயனியரின் 25க்கு 1 கோடியே 67 லட்சம் நிலைகள் வரும். அதனால் இது நடைமுறைக்கு உதவாது என்றே பலரும் விட்டிருந்தார்கள். குட்டிக் குறியீடுகளில் போட்டுப் பார்த்தால் என்ன என்று ஹெல்லர் கணினியில் ஓட்டிப் பார்த்தார். 64 நிலைகளிலேயே கிடைத்த பலன், குறியீடே இல்லாத தொடர்போடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 5 டெசிபெல். மூன்றில் ஒரு பங்கு மின்சக்தியில் அதே செய்தியை அனுப்பலாம் என்று அர்த்தம். விண்கலத்தில் ஒரு வாட்டைச் சேமிக்க என்ன செலவாகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண் போதும்.

விட்டர்பி, இர்வின் ஜேக்கப்ஸ், லியனார்ட் கிளைன்ராக் மூவரும் 1968இல் லிங்கபிட் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஹெல்லரும் அங்கே வந்து சேர்ந்தார். 1971இல் ஹெல்லரும் ஜேக்கப்ஸும் எழுதிய கட்டுரையை இந்தத் தொழிலின் சமையல் குறிப்பு என்றே சொல்வேன். விட்டர்பியின் கட்டுரையைவிட இதைத்தான் பொறியாளர்கள் அதிகம் புரட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். எதை எவ்வளவு சிக்கனமாக வைத்தால் எவ்வளவு இழப்பு என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். வந்த சமிக்ஞையை 0 அல்லது 1 என்று கறாராக முடிவுகட்டாமல் 8 அளவுகளாகப் பிரித்து மூன்று பிட்டில் வைத்தால் சுமார் 2 டெசிபெல் லாபம். அதற்குமேல் எத்தனை நுணுக்கமாக அளந்தாலும் கூடுதலாகக் கிடைப்பது கால் டெசிபெல்தான். எனவே மூன்று பிட் போதும்.

அடுத்த கேள்வி கொஞ்சம் சங்கடமானது. பாதைகளின் வரலாற்றை எவ்வளவு தூரம் நினைவில் வைப்பது? கணிதம் கேட்பது செய்தி முடியும்வரை. விண்கலமோ வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும். தப்பிப் பிழைத்த 64 பாதைகளையும் பின்னோக்கிப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது: கொஞ்ச தூரத்திலேயே அவை எல்லாம் ஒரே மூதாதைப் பாதையில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. குறியீட்டு நீளத்தைப்போல் ஐந்து மடங்கு பின்னால் போனால் அநேகமாக எல்லாம் ஒன்றே. நீளம் 7 என்றால் 35 அடிகள். அதற்கும் பழைய பிட்டை வெளியே கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். 64 பாதைகள், பாதைக்கு 35 பிட்: மொத்தம் 2,240 பிட்டுகள். தொடர்தேடலின் முடிவில்லாத வரிசைக்குப் பதிலாக இவ்வளவுதான்.

1977இல் கிளம்பிய இரண்டு வாயேஜர்களும் இந்த 64 நிலைக் குறியீட்டோடு போயின.

2,240 பிட் அன்றைக்கும் பெரிய நினைவகம் இல்லை. ஆனால் அதைக் கையாளும் விதம் முரட்டுத்தனமாக இருந்தது. ஒரு நிலைக்கு வந்த பாதை ஜெயித்தால், அந்தப் பாதையின் முழு வரலாற்றையும் பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்குப் பிரதியெடுக்க வேண்டும். ஒவ்வொரு பிட்டுக்கும் 2,240 பிட்டுகளும் இடம் மாறும். ரெஜிஸ்டர்களுக்கு நடுவே கம்பிகளின் காடு. மின்சாரமும் அதற்கேற்பக் கரையும். எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் சார்ல்ஸ் ரேடர் 1981இல் இதைத் தலைகீழாக்கினார். வரலாற்றை நகர்த்தவே வேண்டாம். ஒவ்வொரு நிலையும் வந்த இரண்டில் எந்தப் பாதை ஜெயித்தது என்று ஒரே ஒரு பிட் எழுதிவைக்கட்டும். எழுதியது எழுதிய இடத்தில் கிடக்கட்டும். விடை தேவைப்படும்போது கடைசி நிலையில் தொடங்கி, அந்த ஒற்றை பிட் காட்டும் வழியில் பின்னோக்கி நடந்துவிடலாம்.

பின்னோக்கி நடப்பதற்கு நேரமாகும். அதற்குள் புதிய பிட்டுகள் வரும். ஆகவே நினைவகம் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வேண்டும். ஆனால் சாதாரண ரேம் போதும். ஓர் அடிக்கு 64 பிட் எழுதினால் முடிந்தது, மற்றது அசையாது. அதிக நினைவகம் எடுத்துக்கொண்டு மொத்தச் செலவைக் குறைத்த இந்த உபாயம், பிறகு வந்த விட்டர்பி சிப்களில் பெரும்பாலானவற்றுக்குள் குடிபுகுந்தது. நிலைகளின் எண்ணிக்கை சொற்பமாகவும் வேகம் மிக அதிகமாகவும் வேண்டிய இடங்களில் பழைய பிரதியெடுக்கும் முறையும் பிழைத்திருக்கிறது.

இன்னொரு சிக்கனம், இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. முரண்பாட்டுப் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும். எத்தனை பிட் அகல ரெஜிஸ்டரானாலும் ஒருநாள் நிரம்பும். அவ்வப்போது 64 எண்களிலும் மிகச் சிறியதைக் கண்டுபிடித்து எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிடுவது வழக்கமாக இருந்தது. அந்தத் தேடலும் கழித்தலும் டிகோடரின் மிகவும் அவசரமான இடத்தில் நடப்பதால் வேகம் அடிபடும். 1989இல் ஆண்ட்ரீஸ் ஹெக்ஸ்ட்ரா சொன்னார்: கழிக்க வேண்டாம், நிரம்பட்டும். பாதைகளுக்கு இடையிலான வித்தியாசம் ஒரு எல்லையைத் தாண்டாது என்பது தெரிந்த விஷயம். கடிகாரத்தில் 11 மணியையும் 1 மணியையும் காட்டி, இரண்டுக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்கும் குறைவு என்று சொல்லிவிட்டால், எது முந்தியது என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. அதேபோல ரெஜிஸ்டர் சுற்றி வந்து பூஜ்யத்தில் தொடங்கினாலும், இரண்டைக் கழித்து விடையின் குறியைப் பார்த்தால் சிறியது எது என்று தெரிந்துவிடும். இதற்குத் தனிச் சுற்று எதுவும் தேவையில்லை. கணினி எண்கள் இயல்பாகச் சுற்றுவதே வேலையை முடித்துவிடுகிறது.

வேகத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூட்டு, ஒப்பிடு, தேர்ந்தெடு என்ற மூன்றும் முடிந்தால்தான் அடுத்த பிட்டுக்கான கூட்டலைத் தொடங்க முடியும். ஒரு வேலை முடியுமுன் அடுத்ததைத் தொடங்கிவிடும் பைப்லைன் முறை வேறு இடங்களில் கைகொடுக்கும், இங்கே எடுபடாது. ஆஹெனில் ஃபெட்வைஸும் மையரும் 1980களின் இறுதியில் இந்த முடிச்சை அவிழ்க்கும் கணித வழிகளைக் கொடுத்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் பிளாக்கும் தெரசா மெங்கும் 1992இல் இரண்டு அடிகளை ஒன்றாக்கி, ஒவ்வொரு நிலைக்கும் நான்கு பாதைகளை ஒரே மூச்சில் ஒப்பிடும் சிப் செய்தார்கள். 32 நிலைகளோடு வினாடிக்கு 14 கோடி பிட்.

இதே காலத்தில் இந்த முறை மக்களின் சட்டைப்பைக்குள் வந்துகொண்டிருந்தது. ஜிஎஸ்எம் கைபேசி 20 மில்லிவினாடிப் பேச்சை 260 பிட்டுகளாகச் சுருக்கும். எல்லா பிட்டும் சமமில்லை. கெட்டால் காதுக்கு அவ்வளவாகத் தெரியாத 78 பிட்டுகளைக் காப்பின்றியே அனுப்பிவிடுவார்கள். மீதியோடு சோதனை பிட் மூன்றும் வால் பிட் நான்கும் சேர்ந்து 189. குறியீட்டு நீளம் 5, நிலைகள் 16. 189 அடிக்கு 16 பிட் வீதம் 3,024 பிட் எழுதினால் முழுத் துண்டும் நினைவகத்தில் அடங்கிவிடும். ஐந்து மடங்குக் கணக்குக்கே வேலையில்லை. வால் பிட்டுகள் நான்கும் பூஜ்யம் என்பதால் எந்த நிலையிலிருந்து பின்னோக்கி நடப்பது என்பதும் தெரியும்.

கைபேசியில் விட்டர்பி இரண்டு முறை ஓடினார் என்பது பலருக்குத் தெரியாது. கட்டடங்களில் மோதி எதிரொலித்து ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் சமிக்ஞையைப் பிரிப்பதற்கும் அதே முறை பயன்பட்டது; அந்த வழியை ஃபோர்னி 1972லேயே காட்டியிருந்தார். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் சி54எக்ஸ் வரிசை சிப்களில் இதற்கென்றே ஒரு தனி அலகு வைத்தது. இரண்டு எண்களை ஒப்பிட்டு, ஜெயித்ததை நினைவகத்தில் எழுதி, யார் ஜெயித்தார்கள் என்ற ஒற்றை பிட்டை ஒரு ரெஜிஸ்டருக்குள் தள்ளுவது வரை எல்லாம் ஒரே கட்டளையில் முடியும். ரேடர் எழுதச் சொன்ன பிட் அதுதான்.

சிக்கனத்துக்கு நேர் எதிர்த் திசையிலும் ஒருமுறை போய்ப் பார்த்தார்கள். வியாழனுக்குப் போகும் காலிலியோ விண்கலத்துக்காக ஜேபிஎல் ஆட்கள் இன்னும் 2 டெசிபெல்லைத் தேடினார்கள். கிடைத்த குறியீட்டின் நீளம் 15. நிலைகள் 16,384. ஐந்து மடங்குக் கணக்குப்படி பாதை வரலாறு மட்டுமே 12 லட்சம் பிட்டுகளைத் தாண்டும். காலிலியோ அனுப்ப வேண்டிய வேகம் வினாடிக்கு 1,34,400 பிட். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 220 கோடி ஒப்பீடுகள். 1980களின் இறுதியில் இதற்கு அவர்கள் கட்டிய இயந்திரத்தின் பெயரே ‘பெரிய விட்டர்பி டிகோடர்’. ஒரே மாதிரியான 256 சிப்கள். ஒவ்வொன்றிலும் 64 நிலைகள். வாயேஜரின் முழு டிகோடர் இங்கே ஒற்றைச் சிப்புக்குள்.

அங்கே கணக்கைவிடக் கம்பிகளே அதிகம் படுத்தின. ஒரு நிலையின் விடை அடுத்த அடியில் எங்கெங்கோ இருக்கும் இரண்டு நிலைகளுக்குப் போயாக வேண்டும். 16,384 நிலைகளை எப்படிப் பிரித்துப் போட்டாலும் பெரும்பாலான கம்பிகள் சிப்பைவிட்டு வெளியேறும்போல் இருந்தது. ஆலிவர் காலின்ஸ் முதலானோர் டி புருய்ன் வரைபடம் என்ற கணிதப் பொருளைக் கூறுபோடும் வழியைக் கண்டுபிடித்து, கணிசமான கம்பிகளைச் சிப்புக்கு உள்ளேயே அடைத்தார்கள். மீதியையும் மெலிதாக்க, எண்களை ஒற்றைக் கம்பியில் ஒவ்வொரு பிட்டாக அனுப்பினார்கள்.

காலிலியோ 1989 அக்டோபரில் கிளம்பியது. 1991 ஏப்ரலில் அதன் பெரிய ஆண்டெனாவைக் குடைபோல விரிக்க முயன்றபோது சில கம்பிகள் சிக்கிக்கொண்டன; ஆண்டெனா கடைசிவரை முழுதாக விரியவில்லை. நீளம் 15 குறியீட்டில் பொதியும் என்கோடர் அந்த ஆண்டெனாவின் அதிவேகத் தொடர்புக்கென்று இணைக்கப்பட்டிருந்தது. கையில் மிஞ்சிய சின்ன ஆண்டெனா வழியாக வினாடிக்கு 160 பிட் கிடைத்தாலே பெரிய காரியம் என்றாகிவிட்டது.

ஆனால் 160 பிட்டில் டிகோடரின் கணக்கே தலைகீழாகிறது. விண்கலத்தின் மென்பொருளை மாற்றி எழுதி, ஏற்கெனவே வன்பொருளாக இருந்த நீளம் 7 என்கோடருக்கு முன்னால் நீளம் 11 குறியீடு ஒன்றை மென்பொருளாகச் சேர்த்தார்கள். இரண்டும் சேர்ந்து நீளம் 14 ஆகும், நிலைகள் 8,192. 160 பிட் வேகத்துக்கு வினாடிக்கு 13 லட்சம் ஒப்பீடுகள். பூமியில் இருந்த பணிக்கணினிகளே அதைச் செய்துமுடித்தன. மிச்சமிருந்த நேரத்தையும் வீணாக்கவில்லை. விட்டர்பி விடையை ரீட்–சாலமன் என்ற இன்னொரு பிழைதிருத்தக் குறியீட்டின் டிகோடரிடம் கொடுத்து, அது உறுதியாகத் திருத்திய பிட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்து, ‘இவை இப்படித்தான்’ என்று நிலைகளைக் கட்டுப்படுத்தி மறுபடியும் விட்டர்பியை ஓட்டினார்கள். இப்படி நான்கு சுற்று. வியாழனின் நிலவுகளைப் பற்றி 1996 முதல் வந்த படங்கள் இந்த வழியாகத்தான் வந்தன. பெரிய இயந்திரமும் சும்மா இருக்கவில்லை. நீளம் 15 குறியீட்டோடு சனிக்கோளுக்குப் போன காசினி விண்கலத்துக்கு அந்தப் பரம்பரை டிகோடர்கள் உழைத்தன.

64 நிலைக் குறியீடும் ஓய்வெடுக்கவில்லை. 1999இன் வைஃபை தரமான 802.11ஏ, வினாடிக்கு 5.4 கோடி பிட்வரை போக எடுத்துக்கொண்டது வாயேஜரின் கலவையையே. நம் நாவிக் செயற்கைக்கோள்கள் அனுப்பும் வழிகாட்டுச் செய்தியும் அதே குறியீட்டில்தான் வருகிறது. ஒரு துண்டுக்கு 292 பிட், அதில் கடைசி ஆறு வால். 4ஜி கைபேசித் தரமான எல்டிஇ தன் கட்டுப்பாட்டுச் செய்திகளில் அந்த ஆறு வால் பிட்டுகளையும் மிச்சம் பிடித்தது. கடைசி ஆறு பிட்டுகளையே ரெஜிஸ்டரில் முதலில் போட்டுத் தொடங்கிவிட்டால் முடியும் நிலையும் தொடங்கிய நிலையும் ஒன்றாகும். எந்த நிலை என்பது மட்டும் டிகோடருக்குத் தெரியாது. வட்டத்தை இரண்டு மூன்று முறை சுற்றிவந்து கண்டுபிடிக்க வேண்டும். ஆறு பிட் ரேடியோவில் மிச்சம், சிப்பில் கூடுதல் வேலை.

காலிலியோ ஆட்கள் செய்ததுபோல ஒரு டிகோடரின் விடையை இன்னொன்றுக்குக் கொடுத்து மறுபடி வாங்கும் வேலைக்கு விட்டர்பி முறையில் ஒரு குறை உண்டு. அது 0 என்றோ 1 என்றோ சொல்லும். எவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்று சொல்லாது. ஐபிஎம்மின் பால், காக், ஜெலினெக், ராவிவ் நால்வரும் 1974லேயே அதைச் சொல்லும் முறையை வெளியிட்டிருந்தார்கள். ஆனால் அது முன்னோக்கி ஒருமுறையும் பின்னோக்கி ஒருமுறையும் ஓடும். நடுவே எல்லா அடிகளின் எல்லா நிலைகளுக்கும் முழு எண்களைச் சேமித்துவைக்கச் சொல்லும். ரேடரின் ஒற்றை பிட் அங்கே செல்லாது. அதனால் பதினைந்து வருஷம் யாரும் சீந்தவில்லை. ஜெர்மனியில் ஹாகனாவரும் ஹோயரும் 1989இல் விட்டர்பி முறையையே திருத்தி, ஒவ்வொரு பிட்டோடும் அதன் நம்பகத்தையும் சொல்லவைத்தார்கள். அதைச் சிப்பில் ஏற்றும் எண்ணத்தோடு பிரான்ஸின் பிரெஸ்ட் நகரில் க்ளாட் பெரூ உட்கார்ந்தார். அவர் குழு 1993இல் ஜெனீவாவில் முடிவுகளைக் காட்டியபோது, கணக்கில் எங்கோ 3 டெசிபெல் தவறியிருக்கிறது என்றே பலர் நினைத்தார்கள்.

(தொடரும்)